புரை ஏறினால் யாரோ நினைக்கிறார்களாம்!



ஒன்றரை மாசமாக இந்தப் பக்கம் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. செமஸ்டர் ஒரு காரணம். இன்னொரு காரணம்தான் இந்தப் பதிவு. சினிமா, கிரிக்கெட், ஹாஸ்டல் மெஸ் சாம்பார் என்று எழுதிக்கொண்டிருந்த இடத்தில் இன்று தொண்டையைப் பற்றி எழுதப்போகிறேன். நீளமான பதிவு. கொஞ்சம் சூடாகவும் இருக்கும். பொறுத்துக்கொண்டு கடைசி வரை படித்துவிடுங்கள். என்றைக்காவது ஒருநாள் உங்கள் வீட்டுக்கும் தேவைப்படும்.

எங்கள் ஊர் கடத்தூர், தர்மபுரி மாவட்டம் என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். எங்கள் பக்கம் சொம்பில் வாய் வைத்துக் குடித்தால் ஆயா முறைக்கும். எச்சில் படாமல் அண்ணாந்து, சொம்பை உயரத் தூக்கி, 'மடக் மடக்' என்று ஊற்றிக்கொள்ள வேண்டும். சின்ன வயசில் அது சரியாக வருகிற வரைக்கும் சட்டையெல்லாம் நனையும். வந்துவிட்டால் பெரிய ஆள் ஆகிவிட்ட மாதிரி.

இந்தச் சொம்புதான் எங்கள் பெரியப்பாவை மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது.

*

பெரியப்பா வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறவர். ஒருநாள் சளி, ஜுரம் என்று படுத்து எழுந்தவருக்குப் பத்து நாள் கழித்துப் பாதம் மரத்துப்போனது. மறுநாள் முழங்கால். மூன்றாம் நாள் எழுந்து நிற்க முடியவில்லை. நாலாம் நாள் மூச்சு. தூரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவர்கள் சொன்ன பெயர் கில்லன் பாரே சிண்ட்ரோம், சுருக்கமாக ஜிபிஎஸ். வெண்டிலேட்டரில் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தார். பிழைத்தார். அந்த விஷயத்தில் அந்த டாக்டர்களுக்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் திட்டும்போது யாரும் நன்றி கெட்டவன் என்று பின்னூட்டம் போடக்கூடாது.

ஒருநாள் வாக்கர் பிடித்து வார்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தார். வார்டே கை தட்டியது. மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ்.

வீட்டு வாசலில் ஆரத்தி எடுத்து முடித்ததும் அத்தை சொம்பில் தண்ணீர் கொடுத்தது. பெரியப்பா பழக்க தோஷத்தில் அண்ணாந்தார். ஒரே மடக்கு. புரை ஏறி, கண்ணெல்லாம் சிவந்து, இரும இரும மூச்சு வாங்கினார். ஆயா ஓடி வந்து உச்சந்தலையில் தட்டியது.

"யாரோ நினைக்கிறாங்க சாமி.. கொடிக்கால்தான் நினைக்குதோ என்னமோ!"

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

அடுத்த நாலு நாள் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் இருமல். சாப்பிட்டு முடித்ததும் குரல் கொழகொழவென்று, தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி கேட்கும். "ஆஸ்பத்திரி ஏசி காத்து ஒத்துக்கல" என்று பக்கத்து வீட்டு மாமா சொன்னார். ஐந்தாம் நாள் ராத்திரி ஜுரம், மூச்சு வாங்கல். மறுபடியும் வண்டி பிடித்தோம். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி வெள்ளையாக இருந்தது. நிமோனியா. அப்போது பணியில் இருந்த இளம் டாக்டர் ஒருவர்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"சாப்பிடறப்போ புரை ஏறுதா?"

இத்தனை நாளில், இத்தனை பேரில், அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

வீட்டுக்கு வந்து டிஸ்சார்ஜ் காகிதத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். நாலு பக்கம். வலது கை பலம் எவ்வளவு, இடது கால் பலம் எவ்வளவு என்று ஐந்துக்கு மார்க் போட்டிருந்தார்கள். மாத்திரைப் பட்டியல் இருந்தது. கடைசியில் உணவு என்ற இடத்தில் இரண்டே வார்த்தை: நார்மல் டயட்.

தொண்டையைப் பற்றி ஒரு வரி இல்லை. காலுக்கு டிஸ்சார்ஜ் கொடுத்தார்கள். தொண்டைக்கு யார் கொடுத்தது?

ஆஸ்பத்திரி பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் 'அங்கே அப்படித்தான், நாங்க போற இடம் சூப்பர்' என்று மற்றவர்கள் நிம்மதியாகிவிடுவீர்கள்.

*

சரி, மேட்டருக்கு வருவோம். நான் மெக்கானிக்கல் படிக்கிறவன், டாக்டர் இல்லை. கடந்த ஒரு மாசமாகப் படித்ததையும், டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் என் பாஷையில் சொல்கிறேன்.

ஜிபிஎஸ் என்பது நம் உடம்பின் காவல்படை நம்மையே அடிக்கும் வியாதி. சளியோ வயிற்றுப்போக்கோ வந்து போன பிறகு, அந்தக் கிருமிக்கு எதிராக உருவான எதிர்ப்புச் சக்தி ஆள் மாறி நரம்புகளைத் தாக்குகிறது. கேம்பிலோபேக்டர் என்று ஒரு பாக்டீரியா. அதன் மேல்தோலும் நம் நரம்பின் சில பகுதிகளும் பார்க்க ஒரே ஜாடை. அங்கேதான் குழப்பம். 2025 ஜனவரியில் புனேயில் சிங்ககட் ரோடு பக்கம் 200 பேருக்கு மேல் இந்த வியாதி கண்டதே, ஞாபகம் இருக்கிறதா? அங்கும் நோயாளிகளிடம் இந்த பாக்டீரியா கிடைத்தது, தண்ணீர் மேல்தான் சந்தேகம் விழுந்தது. அப்போது தினமும் டிவியில் ஸ்கோர் போட்டார்கள். மொத்தம் இத்தனை, வெண்டிலேட்டரில் இத்தனை, சாவு இத்தனை, வீடு திரும்பியவர்கள் இத்தனை. வீடு திரும்பியவர்களில் எத்தனை பேரால் ஒரு டம்ளர் தண்ணீரை ஒழுங்காகக் குடிக்க முடிந்தது என்ற கணக்கை ஒரு சேனலிலும் நான் பார்க்கவில்லை. 'டிஸ்சார்ஜ்' என்றால் நமக்குக் கதை முடிந்தது.

காலுக்குப் போகிற நரம்பு எப்படிச் செயலிழக்கிறதோ அப்படியே முகத்துக்கும் நாக்குக்கும் தொண்டைக்கும் போகிற நரம்புகளும் செயலிழக்கலாம். விழுங்குவது நாம் நினைக்கிற மாதிரி சும்மா காரியம் இல்லை. முப்பதுக்கும் மேற்பட்ட தசைகளும் ஐந்து ஜோடி மூளை நரம்புகளும் சேர்ந்து செய்கிற வேலை. நாக்கு கவளத்தைப் பின்னால் தள்ளுகிறது, மேலண்ணம் மூக்கு வழியை மூடுகிறது, குரல்வளை மேலே ஏறி முன்னால் வருகிறது, குரல் நாண்கள் இறுக மூடிக்கொள்கின்றன, மூச்சு நிற்கிறது, உணவுக்குழாயின் வாசல் திறக்கிறது. கவளம் தொண்டையைத் தாண்டும் இந்தக் கட்டம் முழுக்க ஏறக்குறைய ஒரே வினாடி! காற்றும் சோறும் ஒரே வாசலில் வந்து இரண்டாகப் பிரிகிற லெவல் கிராசிங் அது. கேட் அரை வினாடி தாமதமாக மூடினால் என்ன ஆகும்? ரயில்வேயில் நடந்தால் பேப்பரில் வரும். தொண்டையில் நடந்தால் 'யாரோ நினைக்கிறாங்க'.

தண்ணீர்தான் மிக மோசம். இது எனக்கு ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் படித்ததோடு ஒத்துப்போனது. பாகுத்தன்மை குறைந்த திரவம் வேகமாக ஓடும். பலவீனமான தொண்டை கேட்டை மூடுவதற்குள் அது உள்ளே இறங்கிவிடும். கெட்டியான திரவம் மெதுவாக வரும், தொண்டைக்கு அவகாசம் கொடுக்கும். அதனால்தான் 'திட ஆகாரம் வேண்டாம், தண்ணியா ஏதாவது குடுங்க' என்று நாம் அக்கறையாகச் செய்வது சில நோயாளிகளுக்கு நேர் எதிராகப் போகிறது. அதே நேரம் எல்லாவற்றையும் கெட்டியாக்கினால் தீர்ந்தது என்றும் இல்லை. ரொம்பக் கெட்டியானது தொண்டையிலேயே தங்கிவிடும், ஆள் தண்ணீர் குடிப்பதும் குறைந்து உடம்பு வறண்டுபோகும். யாருக்கு எது என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

இதற்கு உலக அளவில் ஒரு பொது அளவுகோல் இருக்கிறது. 2015ல் வெளியிட்டார்கள். தண்ணீர் பூஜ்யம், சாதாரணச் சாப்பாடு ஏழு என்று எட்டு படிகள். திரவத்தை அளக்கும் முறையைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். ஒரு 10 மி.லி. ஊசி சிரிஞ்சில் ஊற்றி, 10 வினாடி ஓடவிட்டு, மிச்சம் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கோடிக்கணக்கில் மிஷின் வேண்டாம். மெடிக்கல் ஷாப் சிரிஞ்சும் ஒரு வாட்சும் போதும். எங்கள் லேபில் விஸ்காசிட்டி அளக்க நாங்கள் படும் பாட்டை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

இன்னொரு பயங்கரம் இருக்கிறது. தொண்டையின் உணர்ச்சியும் மங்கிப்போனவர்களுக்கு நுரையீரலுக்குள் போனாலும் இருமல் வராது. சத்தமே இல்லாமல் உள்ளே இறங்கும். பெரியப்பா இருமினார், நாங்கள் புரிந்துகொள்ளவில்லை. இருமாதவர் வீட்டில் புரிந்துகொள்ள ஒன்றுமே இருக்காது. ஜுரம் வந்த பிறகுதான் தெரியும்.

*

இனி திட்டுகிற பகுதி.

முதலில் மருத்துவ உலகம். ஜிபிஎஸ் நோயாளி எவ்வளவு தேறினார் என்று அளக்க உலகம் முழுக்க ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 1978ல் ஹியூஸ் என்ற டாக்டரும் அவர் குழுவும் கொண்டுவந்தது. பூஜ்யம் என்றால் முழு ஆரோக்கியம். ஒன்று, ஓட முடியும். இரண்டு, துணையில்லாமல் நடக்க முடியும். மூன்று, துணையோடு நடக்க முடியும். நாலு, படுக்கை அல்லது நாற்காலி. ஐந்து, வெண்டிலேட்டர். ஆறு, மரணம்.

நன்றாகப் பாருங்கள். ஓட்டம், நடை, படுக்கை, மூச்சு, சாவு. சாப்பாடு எங்கே? மூக்குக் குழாயில் கஞ்சி போகிற ஒருவர் தனியாக நடந்துவிட்டால் இந்தக் கணக்கில் அவருக்கு 'இரண்டு', கிட்டத்தட்டப் பாஸ்! ஆராய்ச்சிக்கு எளிமையான அளவு வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் எதை அளக்கிறோமோ அதைத்தான் கவனிக்கிறோம். தேர்வில் வராத பாடத்தை எந்த மாணவன் படிப்பான்? வார்டில் கால் பரீட்சை மட்டும் நடந்தால் தொண்டையை யார் திறந்து பார்ப்பார்கள்?

அடுத்து சட்டம். 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியல் போடுகிறது. பேச்சுக் குறைபாடு இருக்கிறது, கை கால் இயக்கக் குறைபாடு இருக்கிறது. நல்லது, இருக்க வேண்டியதுதான். விழுங்க முடியாமை என்ற பெயரில் ஒன்று இல்லை. மாதக்கணக்கில் குழாயில் சாப்பிடுகிறவர் அந்தக் காரணத்தை மட்டும் சொல்லிக்கொண்டு போனால் பட்டியலில் அவருக்கு இடம் எது?

அடுத்து, இந்த வேலையைச் செய்ய வேண்டிய ஆள். விழுங்குவதைச் சோதித்து, பயிற்சி கொடுத்து, எந்தப் பதத்தில் எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லித் தருகிறவர் ஸ்பீச் தெரபிஸ்ட். எத்தனை பேருக்கு இது தெரியும்? அந்த இளம் டாக்டர் ஸ்பீச் தெரபிஸ்டைப் பார்க்கச் சொன்னபோது எங்கள் அப்பா கேட்டது இதுதான்: "எங்க அண்ணன் நல்லாத்தானே பேசறாரு சார், எதுக்குங்க?" தப்பு அப்பா மேல் இல்லை. பெயர் அப்படி. பேச்சும் விழுங்கலும் அதே நாக்கு, அதே தொண்டை, அதே நரம்பு. படிப்பிலும் இரண்டும் சேர்ந்தே வருகிறது. மாவட்டங்களில் குழந்தைகளுக்கான ஆரம்பத் தலையீட்டு மையங்களில் இப்படி ஒருவர் வேண்டும் என்று 2013ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டமே சொல்கிறது. குழந்தைக்கு வேண்டியவர் பெரியவர்கள் வார்டுக்கு மட்டும் வேண்டாதவர் ஆகிவிடுவாரா?

*

இப்போது நம் முறை. டாக்டர்களைத் திட்டும்போது தலையாட்டியவர்கள் இங்கேயும் கொஞ்சம் இருங்கள்.

நமக்கு அன்பு என்றால் ஊட்டுவது. நோயாளியைப் பார்க்கப் போனால் ஹார்லிக்ஸ், இளநீர், ஆரஞ்சு. "ரெண்டு வாய் தின்னு சாமி" என்று கெஞ்சுவது. வேண்டாம் என்று தலையை ஆட்டினால் "பாரு, எப்படி எளச்சுப் போயிட்டான்" என்று அழுகை. எங்கள் பெரியப்பா மூன்றாம் நாளிலிருந்தே சாப்பாட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பினார். அவருக்குத் தொண்டையில் என்னவோ சரியில்லை என்று உடம்பு சொல்லியிருக்கிறது. நாங்கள் அதை அடம் என்று நினைத்தோம்.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குத் தனியாக ஒரு கணக்கு. நம் சாப்பாடு களி. ராகிக் களியை மெல்ல மாட்டோம், உருட்டிக் குழம்பில் தோய்த்து அப்படியே முழுங்குவோம். மென்றால் களி தின்னத் தெரியாதவன். ஒரு வலுவான தொண்டைக்கு அது பெருமை. நரம்பு அடிபட்டு எழுந்த தொண்டைக்கு, ஒட்டும் தன்மையுள்ள ஒரு பெரிய உருண்டை மாதிரி ஆபத்தான பொருள் வேறு இருக்க முடியுமா? 'நம்ம களி தின்னாத்தான் தெம்பு வரும்' என்று இரண்டாம் நாளே உருண்டை வைத்தோம். நல்ல வேளை, அவர் பாதியில் துப்பிவிட்டார்.

கூழும் யோசிக்க வேண்டியதுதான். மோர் விட்டுக் கரைத்து, வெங்காயம் நறுக்கிப் போட்டால் ஒரே வாயில் திரவமும் திடமும். ரசம் சாதமும் அப்படியே, பருக்கை மிதக்கும் கஞ்சியும் அப்படியே. சோற்றை நாக்கு சமாளித்துக்கொண்டிருக்கும்போதே ரசம் முன்னால் ஓடிவிடும். 'நோயாளிக்கு லேசான சாப்பாடு' என்று நம் அம்மாக்கள் தலைமுறை தலைமுறையாகக் கொடுப்பது வயிற்றுக்கு லேசு. தொண்டைக்கு லேசா என்று யாரும் கேட்டதில்லை.

அதோடு படுக்கையில் சாய்த்துவைத்து ஊட்டுவது. தலையைப் பின்னால் தள்ளி ஸ்பூனில் ஊற்றுவது. அண்ணாந்து குடிப்பது. தலை பின்னால் போகப் போகத் திரவம் தானாக வேகமாகச் சரியும், மூச்சுக்குழாயைக் காப்பதும் கஷ்டமாகும். நம் ஊரில் நாகரிகம் என்று சொல்லிக்கொடுத்தது இந்த நோயாளிக்கு எமன். எச்சில் பட்டால் டம்ளரைக் கழுவிக்கொள்ளலாம். நுரையீரலைக் கழுவ முடியுமா?

கடைசியாக மூக்குக் குழாய். "குழாய் போட்டா அவ்ளோதான், ஆள் தேறாது" என்று ஒரு வதந்தி. குழாயோடு வீட்டுக்கு வந்தால் கௌரவக் குறைச்சல். அதனாலேயே டாக்டரிடம் சண்டை போட்டுக் குழாயை எடுக்கச் சொல்கிற உறவினர்களை வார்டில் நானே பார்த்தேன். ஜிபிஎஸ்ஸில் நரம்பு பெரும்பாலும் திரும்ப வளரும், மெதுவாக. அறுந்த நரம்பு இழை ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும் என்கிறார்கள். அதுவரை உடம்புக்குச் சோறு போக வேண்டாமா? கை முறிந்தால் மாவுக்கட்டு போடுகிறோம், அதைப் பார்த்து யாராவது கை போச்சு என்று ஒப்பாரி வைக்கிறோமா?

*

பின்னூட்டத்தில் என்ன வரும் என்று தெரியும். இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்.

"லட்சத்தில் ஒருத்தருக்கு வரும் வியாதிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?"

வருடத்துக்கு லட்சம் பேரில் ஒன்றிலிருந்து இரண்டு பேருக்கு ஜிபிஎஸ் வருகிறது என்பதுதான் பொதுவான கணக்கு. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகை 7.21 கோடி. லட்சத்துக்கு ஒன்று என்று வைத்தாலே வருடத்துக்கு 700 பேருக்கு மேல். 15 லட்சம் பேர் இருக்கும் தர்மபுரி மாவட்டத்தில் மட்டும் பதினைந்து பேர். அவர்களில் சுமார் நாலில் ஒருவருக்கு வெண்டிலேட்டர் தேவைப்படும். அதுவும் போகட்டும். விழுங்கும் சிக்கல் ஜிபிஎஸ்ஸோடு நிற்கிறதா? பக்கவாதம், பார்க்கின்சன், தலையில் அடி, தொண்டைப் புற்றுநோய், பல நாள் வெண்டிலேட்டர் குழாய் இருந்து எடுத்தவர்கள், வயசானவர்கள்.. உங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இருப்பார்கள். அரிய வியாதிக்காகச் செய்யும் ஏற்பாடு சாதாரண வியாதிக்காரர்களையும் காப்பாற்றும்.

"நிபுணர்களுக்கு எங்கே போவது? கடத்தூரில் இதெல்லாம் நடக்கிற காரியமா?"

நடக்கும். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 19 பக்கவாதப் பிரிவுகளில் ஒரு சோதனை செய்தார்கள், 2011ல் முடிவு வெளியானது. காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல் இந்த மூன்றையும் நர்ஸுகளே ஒரு ஒழுங்கோடு கவனிக்கிற மாதிரி பயிற்சி கொடுத்தார்கள். 90 நாள் கழித்து, பயிற்சி கொடுக்காத பிரிவுகளில் 58 சதவீதம் பேர் இறந்தோ பிறர் தயவிலோ இருந்தார்கள். பயிற்சி கொடுத்த பிரிவுகளில் அது 42 சதவீதம். மூன்றும் சேர்ந்த பலன் இது, விழுங்கல் சோதனைக்கு மட்டும் கிரெடிட் கொடுக்க முடியாது, சரி. ஆனால் பெரிய நிபுணர் இல்லாமல் நர்ஸ் கையாலேயே முதல் வடிகட்டல் நடக்கும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

நர்ஸ் செய்யக்கூடிய தண்ணீர்ச் சோதனைகள் பல வருடமாக இருக்கின்றன. நிமிர்த்தி உட்காரவைத்து, விழிப்போடு இருக்கிறாரா என்று பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்து, இருமல் வருகிறதா, குரல் கொழகொழக்கிறதா என்று கவனிப்பது. சத்தமில்லாமல் உள்ளே போகிற ஆட்களை இது தவறவிடலாம். சந்தேகம் இருந்தால் மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டு விழுங்குவதை நேரில் பார்க்கும் சோதனை இருக்கிறது, 1988லேயே அதைப் பற்றி எழுதிவிட்டார்கள். பேரியம் கலந்த உணவைக் கொடுத்து எக்ஸ்ரேயில் படமாகப் பார்ப்பதும் உண்டு.

"டாக்டர்களுக்கு நேரம் எங்கே இருக்கிறது?"

இதில் நியாயம் இருக்கிறது. ஒரு டாக்டருக்கு நூறு நோயாளி என்றால் அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அதனால்தான் தனி மனிதரின் ஞாபகசக்தியை நம்பாதீர்கள், காகிதத்தில் ஒரு கட்டம் போடுங்கள் என்கிறேன். பிளேன் ஓட்டுகிற பைலட்டுக்கே செக்லிஸ்ட் இருக்கிறது.

*

ஆக, என் கோரிக்கைகள் இவ்வளவுதான்:

1. நரம்பு வியாதியிலோ வெண்டிலேட்டரிலோ இருந்து எழுந்த எவருக்கும் விழுங்கும் சோதனை செய்யாமல் வாய் வழியாக ஒரு சொட்டும் கொடுக்கக்கூடாது. தண்ணீரும் மாத்திரையும் உட்பட.

2. டிஸ்சார்ஜ் காகிதத்தில் கால் பலம் எழுதுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே தொண்டைக்கு ஒரு கட்டம் வேண்டும். சோதித்தார்களா, எந்தப் பதத்தில் சாப்பிடலாம், எப்படி உட்கார வேண்டும், எந்த அறிகுறி தெரிந்தால் திரும்பி வர வேண்டும் என்று தமிழில் எழுத வேண்டும். 'நார்மல் டயட்' என்ற வார்த்தைக்குத் தடை!

3. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பெரியவர்களுக்கும் விழுங்கல் பயிற்சி தரும் ஆள் வேண்டும். தர்மபுரியில் 2008லிருந்து அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. கேட்கிற இடத்தில் நாம் கேட்க வேண்டும்.

4. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கிவைத்தார்கள். வீடு தேடி வந்து பிசியோதெரபி கொடுக்கும் ஏற்பாடும் அந்தத் திட்டத்தில் உண்டு. கைகாலுக்கு வீடு தேடி வரலாம் என்று யோசித்த அரசுக்குத் தொண்டைக்கும் வரலாம் என்று யோசிப்பது அவ்வளவு பெரிய விஷயமா? வருகிறவர்களுக்கு ஒருநாள் பயிற்சி கொடுத்து "சாப்பிடும்போது புரை ஏறுதா?" என்று கேட்கச் சொன்னாலே பாதிக் கிணறு தாண்டிவிடலாம்.

5. நமக்கு ஒரே கோரிக்கை. நோயாளி வேண்டாம் என்றால் நிறுத்துங்கள். இருமினால் தலையில் தட்டிச் சிரிக்காதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள்.

*

பெரியப்பாவுக்கு மறுபடியும் மூக்குக் குழாய் போட்டார்கள். ஆறு வாரம். வாரம் இரண்டு நாள் பஸ் ஏறிப் பயிற்சிக்குப் போனார். கொழகொழப்பான கூழ் பதத்தில் ஸ்பூன் ஸ்பூனாகத் தொடங்கினார்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, அவருக்குச் சொன்னபடி தாடையை நெஞ்சுப் பக்கம் இறக்கி, விழுங்கி, மறுபடியும் ஒருமுறை வெறுமனே விழுங்கி. ஒரு சின்னக் கிண்ணத்தை முடிக்க முக்கால் மணி நேரம். களி உருண்டையை நாலு வாயில் முடிக்கிற மனுஷன், ஒரு ஸ்பூனுக்கு வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா நின்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். குழாய் எடுத்தாயிற்று. டம்ளரில் வாய் வைத்து, ஒரு மடக்கு, நிறுத்தி, இன்னொரு மடக்கு என்று குடித்தார். சொம்பு பரண் மேல் ஏறிவிட்டது. ஏற்றி வைத்தது ஆயாதான். பேச்சுவாக்கில் எனக்குப் புரை ஏறியது. ஆயா கை என் உச்சந்தலை வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

"மெதுவாத் தின்னு கண்ணு" என்றது.

யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லவில்லை. நினைக்க வேண்டியவர்கள் இனிமேலாவது நினைத்தால் சரி.

டிஸ்கி: மறுபடியும் சொல்கிறேன், நான் டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் நோயாளிக்கு நீங்களாகவே தண்ணீர்ச் சோதனை செய்யாதீர்கள், நீங்களாகவே எதையும் கெட்டியாக்கிக் கொடுக்காதீர்கள். தாடையை இறக்குவதும் எல்லோருக்கும் பொருந்தாது. புரை ஏறுகிறதா, குரல் மாறுகிறதா, சாப்பிட்ட பிறகு ஜுரம் வருகிறதா என்று மட்டும் கவனியுங்கள். இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய் 'விழுங்கறதைச் சோதிங்க' என்று வாய் திறந்து கேளுங்கள். கேட்க நமக்கு வாய் இருக்கிறது.